கூனக்கரட்டுச் சுனைத் தடம்

எங்கள் பக்கத்து ஜனங்களிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினால் போதும், அது எதற்கு வந்த தாள் என்று கேட்கமாட்டார்கள். ரோடு வேண்டும், பஸ் வேண்டும், சுடுகாட்டுக்குக் கூரை வேண்டும் என்று எழுதி நீட்டிவிடுவார்கள். எழுதிக் கொடுக்கிறவன் நான். பேர் பாதுஷா. ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டு மேலேயே பதினெட்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் பாதி, மனு எழுதுவது பாதி. அதனால் இந்த விவகாரத்தில் நடந்த முதல் முட்டாள்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கூனக்கரடு என்பது ஒத்தக்கடையிலிருந்து திருவாதவூர் போகிற வழியில், கரட்டுப்பட்டிக்குப் பின்னால் முதுகை வளைத்துக் கிடக்கிற பாறைக்குன்று. அதை மலை என்று சொன்னால் யானைமலைக்கே சிரிப்பு வந்துவிடும். இந்தக் கரட்டின் மேல்தான் மலைச் சைக்கிள் தடங்கள் போடப்போவதாகத் தை மாசக் கடைசியில் அறிவிப்பு வந்தது. தடித்த டயர் போட்ட கியர் சைக்கிளில் பாறை மேல் ஏறி, கண்மூடித்தனமாக இறங்குகிற விளையாட்டாம். மொத்தம் ஏழு தடம். திட்டத்து எஞ்சினியர் முத்துக்குமரன் ஊருக்குள் வந்து கூட்டம் போட்டு, ஆளுக்கொரு படிவம் கொடுத்துவிட்டுப் போனார். 'உத்தேசத் தடங்கள் குறித்துப் பொதுமக்கள் கருத்து' என்று மேலே அச்சடித்திருந்தது. பதினைந்து நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மறுநாளே கரட்டுப்பட்டி முழுக்க என் கடை வாசலில் நின்றது.

"பாய், மினி பஸ்ஸு ஒண்ணு விடச் சொல்லி எழுதுங்க."

"யோவ், சைக்கிள் தடத்தப் பத்தில்ல கருத்துக் கேட்டிருக்கான்!"

"தடம் போடுறேன்னு வந்துட்டான்ல? அப்படியே பஸ்ஸையும் கேட்டு வைப்போம். கவர்மெண்டு பேப்பரு நம்மளத் தேடி வாரதே அதிசயம்."

நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். நூற்றுப் பன்னிரண்டு படிவம். குடிதண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடைக்குத் தனிக் கட்டடம், தெருவிளக்கு. முத்துச்செல்வி வந்து, "செவ்வாக்கெழமதோறும் ஆட்டு டாக்டர் ஊருக்குள்ள வரணும்னு எழுதுங்கண்ணே" என்றாள். அவளுக்கும் எழுதிக் கொடுத்தேன். கைப்பழக்கத்தில் 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்தேன். சைக்கிள் என்கிற வார்த்தை ஒரு படிவத்தில்கூட இல்லை.

முத்துச்செல்வியை எனக்கு வெறும் மனுக்காரியாகத் தெரியாது. அவளிடம் நாற்பது வெள்ளாடு உண்டு. வருஷாவருஷம் பக்ரீத் குர்பானிக்கு அவளிடம்தான் கிடா வாங்குவேன். கிடாயை ஒப்படைக்கும்போது அதன் நெற்றியைத் தடவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவாள். என் வீட்டுக்காரி ஆரிபாவுக்கு அவள் மேல் தனிப் பிரியம். அப்படித்தான் அவள் எனக்குத் தங்கச்சி, அவள் புருஷன் விருமாண்டி எனக்கு மாப்பிள்ளை. அவன் கொத்தனார். ஒத்தக்கடையில் முளைக்கிற புது வீடுகளில் பாதிக்கு அவன்தான் செங்கல் அடுக்கியிருப்பான்.

கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது முத்துச்செல்வி மறுபடி வந்தாள். கூடவே மகள் தாமரைச்செல்வி. பி.காம். முடித்த பிள்ளை. சைக்கிள் வாடகைக்கு விடப்போகிற ஷெட்டில் வேலைக்குப் பேர் கொடுத்து வைத்திருக்கிறாள்.

"மாமா, பஞ்சாயத்து போர்டுல ஒட்டியிருக்க மேப்ப போட்டோ எடுத்திருக்கேன். பெருசாப் போட்டுக் குடுங்க. அம்மா பாக்கணும்கிது" என்றாள் தாமரை. முகம் உர்ரென்று இருந்தது.

பெரிய தாளில் கலரில் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி மேஜை மேல் விரித்து, முத்துச்செல்வி ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை ஓட்டினாள். மழைக்காலத்தில் ஆடு ஏற்றுகிற வழி, உசிலை மரத்துச் சரிவு, பின்பக்கத்து ஓடை என்று ஒவ்வொன்றையும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். சிவப்புக் கோட்டுக்கு வந்ததும் விரல் நின்றது. எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"விரு... மாண்டி... தடம்."

"நம்ம மாப்ள பேரா!" என்றேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

"அண்ணே, இது சுனைக்குப் போற வழி" என்றாள் அவள். "இதுல ஆளு சைக்கிள்ல இறங்குனா என் ஆட்டுக்குத் தண்ணி இல்ல."

கோடையில் கண்மாய் வற்றிப்போனால் அந்தக் கரட்டில் இருக்கிற ஒரே தண்ணீர், உச்சிக்குக் கீழே பாறை இடுக்கில் ஊறுகிற சுனைதான். அதற்கு ஒரே தடம். எனக்கே அது அப்போதுதான் உறைத்தது. முத்துக்குமரனுக்கு உடனே போன் போட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"எல்லாப் படிவத்தையும் நானே வாசிச்சேன் சார். மினி பஸ் இருபத்தாறு பேரு கேட்டிருக்காங்க. தடத்துக்கு ஆட்சேபம்னு ஒண்ணுகூட வரல. அதுவும் போக, அந்தச் செவப்புத் தடம் உபயோகத்துல இல்லாத தடம். எங்களுக்கு வழி காட்டுன விருமாண்டி சாரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு."

போனை வைத்தேன். தாயும் மகளும் என் முகத்தையே பார்த்தார்கள். சொல்லாமலிருக்க முடியுமா? சொன்னேன். முத்துச்செல்வி மேப்பைச் சுருட்டி, கடையிலேயே ஒரு மூலையில் சாத்திவைத்தாள்.

"சாயங்காலமா வீட்டுக்கு வாங்கண்ணே. அவுக வந்துருவாக."

நான் போனபோது விருமாண்டி குளித்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தான். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. எனக்கும் ஒரு தட்டு வந்தது. பட்டியில் ஆடுகள் குட்டியைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தன. தாமரை ஒவ்வொரு குட்டியாகத் தூக்கித் தாயிடம் விட்டுக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, மேப்புல ஒம் பேரு வந்துருச்சு போல" என்று ஆரம்பித்தேன்.

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "பாத்தீங்களா மாமா? நான் வைக்கச் சொல்லல. அவரா வச்சாரு. கார்த்திகை மாசம் மூணு நாளு அவருகூட சுத்துனேன். வேலைக்குக்கூடப் போகல. அந்த மனுசன் என்னைய சாருன்னு கூப்புட்டாரு மாமா. விருமாண்டி சார், இந்தப் பக்கம் எறங்கலாமா, விருமாண்டி சார், அந்தப் பாறைக்குப் பேரு என்னன்னு கேட்டுக் கேட்டு எழுதுறாரு. இருபது வருசம் கொத்து வேல பாத்திருக்கேன், எந்த வீட்டுக்காரனாச்சும் சாருன்னுருப்பானா?"

"ஆடுக போற தடம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் முத்துச்செல்வி. குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"தெரியாமயா? கல்யாணமான புதுசுல ஒனக்குச் சோறு கொண்டாந்து குடுப்பேன்ல. ஒம் பின்னாலயே சுத்திச் சுத்திப் படிச்சதுதான்."

"அப்ப சுனைத் தடத்துல யாரும் போறதில்லன்னு எதுக்கு எழுதிக் குடுத்தீங்க?"

விருமாண்டி கவளத்தை உருட்டினபடியே சொன்னான்: "அவரு கேட்டாரு, இந்தத் தடத்துல ஆளு நடமாட்டம் உண்டான்னு. ஒரு ஆளும் போறதில்ல சார்னு சொன்னேன். யாரு போறா? நெசந்தானே."

"நான் போறேன்ல?"

"அட, நீ போவ. அது நம்ம வீடு. அவரு கேட்டது வெளியாளுகள."

முத்துச்செல்வி குழம்புச் சட்டியைத் தட்டால் மூடினாள். அவளுக்குச் சட்டென்று கோபம் வந்து கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இருபத்திரண்டு வருசமாப் போறேன்" என்றாள். "தாமர வயித்துல இருக்கும்போது ஏழு மாசம் வரைக்கும் போனேன். காச்சலோட போயிருக்கேன். நான் ஆளு இல்லையா?"

அவன் உருட்டின கவளம் வாய்க்குப் போகவில்லை. வெளியே தாமரையும் குட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். நூற்றுப் பன்னிரண்டு படிவம் எழுதின நானும் இவளிடம் 'ஆட்டை எங்கே மேய்க்கிறாய் தங்கச்சி' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஆட்சேபம்னு எழுதிருவோம்" என்றேன். "திட்டமே வேணாம்னு எழுதிருவோம்."

"அம்மா!" என்று தாமரை உள்ளே வந்தாள். "வேணாம்னா நான் மறுபடி ஆரப்பாளையத்து ஜவுளிக் கடையில நிக்கணும். காலையில ஏழு மணி பஸ்ஸு, ராத்திரி பத்து மணிக்கு வீடு. இங்ஙன ஷெட்டு வந்தா நடந்து போயிட்டு வருவேன்."

"யாரும் வேணாம்னு சொல்லல, நீ கத்தாத" என்றாள் அம்மாக்காரி. "கரடு பெருசு. சைக்கிளும் போகட்டும். என் தண்ணிய விட்டுட்டுப் போகட்டும். அண்ணே, நீங்க பாக்காம எதையாச்சும் எழுதிராதீங்க. நாளைக்கு வந்து ஒருக்கப் பாருங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்கே போய் நின்றேன். முத்துச்செல்வி சாவகாசமாகப் பட்டியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஆடுகள் அடைப்புக்குள்ளேயே நின்றன.

"போகலாமா?"

"பனி காயட்டும்ணே. ஈரப்புல்ல மேஞ்சா வகுறு ஊதிப்போகும். மாசி முடியுற வரைக்கும் ஒம்பது ஒம்பதரைக்கு முன்ன நான் பட்டியத் தொறக்குறதே இல்ல."

நான் உட்கார்ந்து நீச்சத்தண்ணி குடித்தேன். வெங்காயம் கடித்துக்கொண்டேன். சும்மா இருந்த மூளைக்கு அப்போதுதான் ஒன்று தட்டியது. எங்கள் மதுரை வெயிலில் எந்தப் பைத்தியக்காரன் ஒன்பது மணிக்கு மேல் பாறை மேல் சைக்கிள் விடுவான்? அவர்கள் விடிந்ததும் வந்து, வெயில் ஏறுவதற்குள் ஓடிவிடுவார்கள். ஆடு அதற்கப்புறம்தான் கரடு ஏறும். ஆறு தடத்துக்கு இது போதும். சொன்னதும் முத்துச்செல்வியின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"அப்படிப் போடுங்க! ஆனா சுனைக்கு அது ஆகாதுண்ணே. பங்குனி, சித்திரையில பனி ஏது? வெயிலுக்குப் பயந்து நானே விடியமுன்ன ஆட்ட நேராச் சுனைக்குப் பத்திருவேன். அப்ப ரெண்டும் ஒரே நேரம். அந்தத் தடம் எப்படி இருக்குன்னு வந்து பாருங்க."

ஒன்பதரைக்கு ஏறினோம். விருமாண்டியும் வந்தான். வேலை இல்லாத நாளில் மத்தியானம் வரை படுத்துக் கிடக்கிறவன், அன்றைக்குத் தழை அறுக்கிற துரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தான். சூரைமுள் வேட்டியைப் பிடித்து இழுத்தது. எனக்கு முழங்கால் வலியில் உயிர் போயிற்று. கீழே ஒத்தக்கடைக் கட்டடங்களும், கல்லூரிப் பஸ்களும், அந்தப் பக்கம் திருவாதவூர் வயல்களும் தெரிந்தன. காற்று நன்றாக இருந்தது.

சுனைத் தடம் இரண்டு ஆளுயரப் பாறைகளுக்கு நடுவே இறங்குகிறது. அகலம் ஒரு ஆடு. முன்னால் போகிற ஆடு திரும்பாது, திரும்ப இடமும் இல்லை. நாற்பதும் வரிசையாக இறங்கின. முத்துச்செல்வி கடைசியாக, இரண்டு கையையும் இரண்டு பாறையில் ஊன்றி இறங்கினாள். அவள் கை வைத்த இடத்தில் பாறை வழவழவென்று இருந்தது. எத்தனையோ தடவை அதே இடத்தில் கை பட்டுத் தேய்ந்திருந்தது.

விருமாண்டி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு அவள் இறங்கின மாதிரியே கை ஊன்றி இறங்கி, சுனையில் முகம் கழுவினான்.

"மேலருந்து ஒருத்தன் வேகமா வந்தா எங்ஙன ஒதுங்குவே?" என்று அவளைக் கேட்டான்.

"எங்ஙன ஒதுங்க? நீங்கதான் பாக்குறீங்களே."

அவன் துரட்டியால் வழியில் கிடந்த முள்ளை ஒதுக்கினான்.

செவ்வாய்க்கிழமை கெடு முடிந்தது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் முத்துக்குமரன் மேப்பை மாட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். இந்தத் தடவை நான் ஒரே ஒரு படிவம்தான் எழுதியிருந்தேன். காலை ஒன்பது மணிவரை சைக்கிள், அதற்குமேல் ஆடு. சுனைத் தடம் மட்டும் எந்தக் காலத்திலும் சைக்கிளுக்குக் கூடாது. கீழே முத்துச்செல்வி கையெழுத்துப் போட்டிருந்தாள். 'பணிவுடன்' என்கிற வார்த்தையை அன்றைக்கு நான் போடவில்லை.

அவர் இரண்டு தடவை வாசித்தார். "நேரம் பிரிக்கிறது நல்ல யோசனைம்மா. ஆனா செவப்புத் தடம்தான் இந்தத் திட்டத்துலயே விசேஷம். வெளியூர்ல இருந்து வாரவங்க அந்த எறக்கத்துக்குத்தான் வருவாங்க. எடுக்கணும்னா மேல காரணம் கேப்பாங்க. யாரும் போறதில்லன்னு சாரே எழுதிக் குடுத்திருக்காரே?"

எல்லாத் தலையும் விருமாண்டி பக்கம் திரும்பியது. அவன் எழுந்து நின்றான். சலவைச் சட்டை போட்டிருந்தான். கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எழுதிக் குடுத்தேன் சார். அது தப்பு" என்றான். "அந்தத் தடத்துல எம் பொண்டாட்டி போறா. இருபத்திரண்டு வருசமாப் போறா. ஒங்களுக்கு நான் காட்டுனதெல்லாம் அவ போன தடம்தான். அவகிட்டப் படிச்சுட்டு வந்து, அவளையே ஆளாச் சேக்காம விட்டுட்டேன்."

பின்னால் எவனோ ஒருத்தன், "அப்படியே அந்த மினி பஸ்ஸு..." என்றான். பக்கத்திலிருந்தவர்கள் அவனை அமுக்கி உட்கார வைத்தார்கள்.

முத்துக்குமரன் நல்ல பிள்ளை. பேனாவை மூடிவைத்துவிட்டு யோசித்தார். "அப்ப இதையே கைப்பட எழுதி, பழசு செல்லாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். நான் மேல அனுப்பிச் சொல்லிப் பாக்குறேன்." கொஞ்சம் தயங்கினார். "தடத்த எடுத்துட்டா ஒங்க பேரும் போயிரும் சார். மத்த ஆறுக்கும் பாறை பேரு, மரத்துப் பேருன்னு அச்சாகிருச்சு."

"போகட்டும் சார்" என்றான் விருமாண்டி. சொன்னானே தவிர, மேப்பில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்க்கும்போது அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். முத்துச்செல்வியும் பார்த்தாள்.

அவன் என்னிடம் எழுதச் சொல்லவில்லை. வராந்தாத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோணல் எழுத்தில் தானே எழுதினான். ஆறே வரி, அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு எஞ்சினியரிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, மேப்பில் இருந்த தன் பேரைத் தானே அடித்தான். அப்படி அடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பங்குனி பிறந்து பத்து நாள் கழித்துப் புது மேப் ஒட்டினார்கள். ஆறு கோடு இருந்தது. சிவப்பு இல்லை. சைக்கிளுக்குக் காலை ஒன்பது வரை என்று கீழே போட்டிருந்தது. ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள், கட்டுகிற கொத்தனார் விருமாண்டிதான். தாமரை இப்போதே சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் பழகுகிறாள். மினி பஸ் மட்டும் இன்னும் வரவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம் முத்துச்செல்வி கடைக்குத் தனியாக வந்தாள். வெயிலில் முகம் கருத்திருந்தது. மூலையில் எதையோ தேடினாள்.

"அண்ணே, அன்னைக்குப் பெருசா எடுத்தீங்களே ஒரு மேப்பு, அவுக பேரு போட்டது. இங்ஙனதானே சாத்தி வச்சேன்?"

"இருக்கு. ஆனா அது பழசும்மா. செல்லாது."

"செல்லாட்டிப் போகுது. தண்ணி படாம பிளாஸ்டிக் போட்டுக் குடுங்க. வீட்டுல டிவிக்கு மேல மாட்டணும்."

"அடிப்பாவி! பேர எடுக்க வச்சதே நீதானே?"

"கரட்டுல இருந்துதான எடுக்கச் சொன்னேன்" என்றாள். "வீட்டுச் செவுத்துல அவுக பேரு இருந்தா ஆட்டுக்கு என்ன செய்யப்போகுது? பாவம்ணே, அன்னைக்குப் பூரா மனுசன் சோறே திங்கல."

மேப்பைத் தூசி தட்டி விரித்தேன். லேமினேஷன் மெஷினைப் போட்டேன். அவள் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உறை போடுறதுக்கு முன்னால, இந்தத் தடத்துல பேனாவுல ஒரு புள்ளி வைங்கண்ணே. சுனைக்குக் கொஞ்சம் மேல."

"எதுக்கு?"

"அது நான்."

நான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் எனக்கு என்னவோ ஆகிவிடும் போலிருந்தது. சுனைக்கு மேலே ஒரு கறுப்புப் புள்ளி வைத்து, பின்னாலேயே ஆட்டுக்காகச் சின்னதாக இன்னொன்று வைக்கப்போனேன்.

"அண்ணே, அண்ணே, ஆடு முன்னாலதான போகும்! நான் கடைசி" என்று என் கையைத் தடுத்தாள்.

"எத்தன வைக்கட்டும்?"

"நாப்பது."

கடையில் இரண்டு பேர் ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாற்பதையும் வரிசையாக வைத்தேன்.